விளாம்பிசினும் குங்கிலியமும்

விளாங்குடி என்னும் பெயரிலேயே ஒரு விளாமரம் நிற்கிறது. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், 2011இல் மாநகராட்சியோடு இணைந்த ஊர் அது. விளாமரத்தில் கசிவதைப் பிசின் என்கிறோம். குங்கிலியத்தையும் பைன் மரத்தின் ஊறலையும் பிசின் என்றே சொல்லிவிடுகிறோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. விளாம்பிசின் நீரில் கரையும். எழுதும் மையிலும் ஓவிய வண்ணத்திலும் சேரும். குங்கிலியமும் பைன் பிசினும் நீரில் கரையா, எண்ணெயில் கரையும். ரப்பரோடு உறவு கொள்ளக்கூடியவை இவையே.

1845இல் அமெரிக்காவில் ஹொரேஸ் டே, வில்லியம் ஷெகட் என்னும் இருவர் ரப்பரோடு பைன் பிசினையும் கலந்து துணியில் பூசி, மருந்துப் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றனர். இன்றைய ஒட்டுநாடாக்களின் முன்னோடி அது.

பிசின் அங்கே செய்வது என்ன? ரப்பரின் மூலக்கூறுகள் நெடிய சங்கிலிகள். பிசினின் மூலக்கூறுகளோ மிகச் சிறியவை. அவை இடையே புகுந்து சங்கிலிகளின் சிக்கலைத் தளர்த்துகின்றன. ஆதலால் மெல்ல அழுத்துகையில் கலவை நெகிழ்ந்து, பரப்பின் மேடுபள்ளங்களில் படிகிறது. வெடுக்கென இழுத்தாலோ அதே கலவை விறைத்துக்கொள்கிறது. பிசின் தன்னளவில் கண்ணாடிபோல் கெட்டியானது, விரைந்த அசைவுக்கு இடங்கொடாது. மெதுவான தொடுகைக்கு இளகுவதும் விரைந்த பிரிவுக்கு இறுகுவதும் சேர்ந்ததே ஒட்டும் தன்மை.

1942இல் மலேயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் வசமாகவே, நேச நாடுகளுக்கு ரப்பர் அரிதாயிற்று. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கரிவாயுக் கலன்களைச் செய்த மதுரையின் டி.வி.சுந்தரம் அய்யங்கார் டயர் ரீட்ரெடிங் தொழிலுக்கும் அடித்தளமிட்டார். தேய்ந்த டயரைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசை தடவி, புதிய பட்டையைப் பதித்து, வெப்பத்தில் வேகவைப்பது அத்தொழில். வெந்தபின் கந்தகம் இரண்டையும் பிணைத்துவிடும். அதுவரை பட்டை நழுவாதிருக்க வேண்டும். இயற்கை ரப்பருக்குத் தானாகவே ஓரளவு ஒட்டும் குணமுண்டு. போருக்குப்பின் பெருகிய செயற்கை ரப்பருக்கு அது குறைவு. எனவே டயர்க் கலவையில் நூறு பங்கு ரப்பருக்குச் சில பங்கு பிசின் சேர்ப்பது வழக்கமாயிற்று.

கிழிந்த நூல்களை நாம் இதே இனத்து ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறோம். அதிலுள்ள பிசின் காற்றுப்பட்டு ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளிக்கிறது. பசை தாளுக்குள் ஊறுகிறது. நாடா உதிர்ந்தபின்னும் கறை எழுத்தின்மேல் நிற்கிறது. நீரில் கரையும் பசையை ஈரங்காட்டிப் பிரித்தெடுக்கலாம். இதை அவ்வாறு எடுக்க இயலாது. டயருக்கு உற்ற துணையானதைப் பழைய பதிப்புகளின் பக்கம் அண்டவிடாதிருப்பதே அந்நூல்களுக்கு நாம் செய்யும் நன்மை.