ஆறு மாத மிஷனரிப் பயிற்சி: வெளிநாடு புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் வளர்ந்த தோழி ஒருத்திக்குச் சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு மிஷனரிப் பயிற்சிப் பாடசாலை ஒன்றிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. தாய் அதை "வெளிநாட்டுப் படிப்பு" என்று அயலவர்களுக்குச் சொன்னார். மாமா "எப்பிடியும் விசா கிடைச்சிரும்" என்றார். சபைப் போதகர் "அழைப்பு" என்றார். மூவரில் போதகர் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட இருந்தது. ஆனாலும் அங்கே நாள் எப்படிப் போகும், காசு யார் கட்டுவது, முடித்து வந்தபின் கையில் என்ன இருக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வடக்குக் கிழக்கு இளையோர் பலருக்கு இப்படியான கடிதங்கள் வருகின்றன. சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் இங்கு வந்த கிறிஸ்தவ அமைப்புகளின் தொடர்புகள் இன்றும் சபைகள் வழியாக நீடிக்கின்றன. போவதா இல்லையா என்பது அவரவர் விசுவாசம். தெரியாமல் போவது வேறு.

இவ்வகைப் பயிற்சிகளில் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்கரான லோரன் கன்னிங்ஹாம் 1960 இல் தொடங்கிய 'யூத் வித் எ மிஷன்' அமைப்பின் சீடத்துவப் பயிற்சிப் பாடசாலை. ஹவாய்த் தீவின் கோனாவில் உள்ள தளம் பெயர்பெற்றது. இந்தியா உட்பட மேலும் பல நாடுகளில் தளங்கள் உண்டு. பயிற்சி ஐந்து, ஆறு மாதம். முதல் பாதி, ஏறத்தாழ பன்னிரண்டு வாரம், வகுப்பு. அடுத்த எட்டு முதல் பன்னிரண்டு வாரம் குழுவாக வேறோர் இடத்துக்கோ நாட்டுக்கோ போய் ஊழியம் செய்வது. வேறு அமைப்புகளின் பாடசாலைகளும் பெரும்பாலும் இதே அச்சில்தான் இருக்கின்றன.

வகுப்பு என்றதும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபம் மனதில் வரக்கூடாது. வாரத்துக்கு ஒரு பேச்சாளர், வாரத்துக்கு ஒரு தலைப்பு: கடவுளின் குணம், ஜெபம், மன்னிப்பு, உறவுகள், நற்செய்தி அறிவித்தல். காலையில் தனித்தியானம், பாடல், பரிந்துரை ஜெபம், பிறகு விரிவுரை. பிற்பகலில் கட்டாய வேலை: கோப்பை கழுவுதல், கழிவறை சுத்தம், புல் வெட்டுதல். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் சிலருக்கு விரிவுரையைவிட இதுவே பெரிய பாடமாக இருக்கக்கூடும். அறையில் நாலு பேர், ஆறு பேர், அடுக்குக் கட்டில், தனிமை கிடையாது. ஒழுங்குவிதிகள் கண்டிப்பானவை. பயிற்சிக் காலத்தில் புதிதாகக் காதல் தொடங்கக்கூடாது என்பது பல இடங்களில் விதி. சோறு தினமும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலான தளங்களில் மொழி ஆங்கிலம். பரீட்சைச் சான்றிதழ் கேட்காவிட்டாலும், விளங்காவிட்டால் பன்னிரண்டு வாரம் மிக நீளம்.

காசு விடயத்தில்தான் கூடிய ஏமாற்றம். இது வேலை அல்ல, சம்பளம் இல்லை. அங்கு கற்பிப்பவர்களே பெரும்பாலும் சம்பளமின்றி, தங்கள் சபைகளும் நண்பர்களும் அனுப்பும் ஆதரவில் வாழ்கிறார்கள். பயிலுநரும் விண்ணப்பக் கட்டணம், வகுப்புக் காலக் கட்டணம், களப்பயணக் கட்டணம், விமானச் சீட்டு, காப்புறுதி எல்லாவற்றையும் தானே திரட்ட வேண்டும். கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது; மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த இரண்டு மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். சில தளங்கள் பயிலுநரின் நாட்டைப் பொறுத்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. கேட்டுப் பார்க்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டிய காசு திரும்புமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். அமெரிக்காவுக்குத் தற்காலிக விசா கேட்பவர், ஊருக்குத் திரும்பி வருவார் என்று விசா அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நிலமோ தொழிலோ காட்ட இல்லாத, இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது இலகுவல்ல. குடும்பம் முழுவதையும் கூப்பிடும் வழியாக இதை எண்ணும் மாமாக்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இது குடியேற்றப் பாதை அல்ல. விசா முடிந்தும் தங்கினால், அடுத்து வரும் இலங்கைப் பிள்ளைகளின் விண்ணப்பமும் சந்தேகத்துடன் பார்க்கப்படும்.

முடிவில் கிடைக்கும் சான்றிதழ் அந்த அமைப்பின் அடுத்தகட்டப் பயிற்சிகளுக்கு உதவும். இலங்கையில் அரச வேலைக்கோ பல்கலைக்கழக அனுமதிக்கோ அதைப் பட்டமாகக் காட்ட முடியாது. இறையியல் பட்டம்தான் நோக்கமென்றால், பிலிமத்தலாவயில் 1963 இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது, தமிழிலேயே படிக்கலாம். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது.

இனி, ஒரு கையேட்டிலும் எழுதப்படாத ஒன்று.

இப்பாடசாலைகளில் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் கதையை எழுந்து சொல்ல வேண்டும். அதற்குச் 'சாட்சி' என்று பெயர். நல்லிணக்க ஆணைக்குழு, காணாமல் போனோர் ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் சாட்சி சொல்லிக் களைத்த சமூகம் இது. அதே சொல் அங்கே வேறு பொருளில் காத்திருக்கிறது. இருளில் இருந்தேன், ஒளிக்கு வந்தேன் என்ற வடிவத்தில் கதை அமைய வேண்டும். முடிவு இருக்க வேண்டும்.

என் தோழியின் குடும்பம் 2006 இல் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தது. தகப்பன் திரும்பி வரவில்லை. "அப்பா காணாமல் போனவர்" என்று அவள் தமிழில் சொன்னதை, உடனிருந்த தமிழ்ப் பெண் ஆங்கிலத்தில் "இறந்துவிட்டார்" என்று மொழிபெயர்த்தாள். இருபது நாட்டவர் எழுந்து வந்து அவளை அணைத்துக்கொண்டார்கள். அவளுக்குத் திருத்தத் துணிவில்லை. மன்னிப்பு வாரத்தில், தகப்பனைக் கொன்றவர்களை மன்னிக்கும்படி கேட்டார்கள். யாரை, எதற்காக மன்னிப்பது? தாய் இன்றும் அவருடைய படத்துக்கு மாலை போடவில்லை. பிறகு அவளுடைய புகைப்படத்தோடு 'தகப்பனைப் போரில் இழந்த பெண்' என்று ஆதரவாளர்களுக்கான செய்திமடலில் வந்தது. அந்தப் பாடசாலையில் எவருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்றே அவள் இன்றும் சொல்கிறாள். நானும் நம்புகிறேன். ஆனால் அந்த மடலைத் தாய் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு அவள் இரண்டு வருடம் இருந்தாள்.

சாட்சி சொல்ல மறுக்கலாம். சுருக்கமாகச் சொல்லலாம். போரைத் தொடாமலே விசுவாசத்தைப் பற்றிப் பேசலாம். சேர்ந்த முதல் வாரமே, என் கதையும் படமும் என் எழுத்துமூல அனுமதியின்றி எங்கும் வரக்கூடாது என்று சொல்லிவிடுவது நல்லது. இணையத்தில் ஏறியது இங்கும் வாசிக்கப்படும்; வீட்டுக்கு விசாரிக்க ஆள் வந்த அனுபவமுள்ள குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழுத் தலைவர்கள் பலர் அன்பானவர்கள், ஆனால் உளவள ஆலோசனை படித்தவர்களாக இருப்பதில்லை. பயிற்சிபெற்ற ஆலோசகர் இருக்கிறாரா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். நித்திரையின்மை, திடீர்ப் பதற்றம் உள்ளவர்கள் புறப்படுமுன் இங்கேயே வைத்தியசாலை உளநலப் பிரிவில் கதைப்பது உதவும்.

களப்பயணம் எந்த நாட்டுக்கு என்பதையும் முன்கூட்டியே அறிய வேண்டும். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவது ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். வெளிநாட்டவர் தண்டனைக்குப் பின் நாடுகடத்தப்படுவார். இந்தியாவில் சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிப்பது விசா விதிமீறல். மிஷனரிகளுக்குத் தனி விசா உண்டு. பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்களும் உள்ளன. பலமான கடவுச்சீட்டு வைத்திருக்கும் சக மாணவருக்கு அவருடைய தூதரகம் ஓடிவரலாம். எங்களுடைய கடவுச்சீட்டின் பலம் எங்களுக்குத் தெரியும்.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலர் கப்பல் ஊழியத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஓ.எம். அமைப்பின் 'லோகோஸ் ஹோப்' என்ற மிதக்கும் புத்தகக் கப்பல் 2009 முதல் ஓடுகிறது. பெரும்பாலும் இரண்டு வருட ஒப்புக்கொடுப்பு. இயந்திர அறையிலும் சமையலறையிலும் புத்தகக் கடையிலும் வேலை. அங்கும் சம்பளம் இல்லை.

ஆறு மாதத்தில் ஒருவர் மிஷனரியாகிவிடுவாரா என்பது எனக்கும் உள்ள சந்தேகம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வந்த அமெரிக்க யேசுசபைக் குருக்கள் குருப்பட்டம் பெறவே பத்து வருடத்துக்கு மேல் பயின்றார்கள். இங்கு வந்து பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் கிழக்கிலேயே வயதானார்கள். கூடைப்பந்து பயிற்றுவித்த யூஜின் ஹீபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், உடன் சென்ற தமிழ் இளைஞருடன் காணாமல் போனார். அவரும் இன்றுவரை காணாமல் போனோரில் ஒருவர்தான்.

போகத் தீர்மானித்தவர்களுக்குச் சில்லறை விடயங்கள். கடவுச்சீட்டை எவர் கேட்டாலும் பிரதியைக் கொடுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். திரும்பிவரும் சீட்டுக்கான காசைத் தனியாக வையுங்கள். களப்பயணக் கட்டணத்துக்கு அதைத் தொட வேண்டி வரும் என்று எதிர்பாருங்கள், தொடாதீர்கள். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தை வீட்டிலும் எழுதிவையுங்கள். திரும்பி வந்து முதல் மூன்று மாதம் என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன் சபையோடு பேசுங்கள். என் தோழி திரும்பிய ஞாயிற்றுக்கிழமையே அவளை மேடைக்கு அழைத்தார்கள். அப்பா காணாமல் போனவர் என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினாள்.