பரசூட் படையினரின் சேவை வரலாறுகளைத் திரட்டுதல்: வலிகாமம், 1987

போரில் ஈடுபட்ட பரசூட் படைவீரர் ஒருவர் எப்போது படையில் சேர்ந்தார், எங்கே பயிற்சி பெற்றார், எந்தக் களத்தில் நின்றார், எப்படிக் காயப்பட்டார் அல்லது இறந்தார் என்பவற்றைக் குடும்பத்தினரும் முன்னாள் வீரர்களும் சான்றுகளிலிருந்து மீட்டெடுக்கும் பணியே சேவை வரலாறு திரட்டல் ஆகும். தமிழர் வாழும் நிலத்தில் இப்பணிக்கு மிக நெருக்கமான களம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் 10ஆவது பரசூட் கொமாண்டோ அணி கொக்குவிலில் இறங்கியது. இந்நடவடிக்கை பற்றிய எழுத்துச் சான்றுகள் இந்தியாவில் இருக்கின்றன. நிலத்தின் நினைவு கொக்குவில் முதல் சுன்னாகம் வரையிலான ஊர்களில் இருக்கிறது.

இடம்

சுன்னாகம் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியில் அமைந்துள்ளது. பெரிய சந்தையும் மின்நிலையமும் 1894இல் தொடங்கிய ஸ்கந்தவரோதயக் கல்லூரியும் ஊரின் அடையாளங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே செல்லும் ரயில் பாதையில் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என நிலையங்கள் வரிசையாக வருகின்றன. 1987இல் இந்தியப் படையின் தளம் வடக்கே பலாலியில் இருந்தது. அங்கிருந்து நகரை நோக்கி வரும் எவரும் வலிகாமத்தின் தோட்டங்களையும் ஒழுங்கைகளையும் கடக்க வேண்டும். எனவே அந்த நாட்களின் நிகழ்வுகளை ஆராய்பவர், தரையிறங்கிய மைதானத்தோடு நிற்காமல் இந்த வீதியையும் தண்டவாளத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பின்னணி

1987 யூன் 4ஆம் திகதி இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் துணையோடு, யாழ்ப்பாணத்தின் மீது சுமார் 25 தொன் நிவாரணப் பொருட்களைப் பரசூட் மூலம் போட்டன. ‘பூமாலை’ எனப் பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் இறங்கியவை பொதிகள் மட்டுமே; வீரர்கள் எவரும் குதிக்கவில்லை. யூலை 29ஆம் திகதி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அடுத்த நாளே இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கத் தொடங்கியது. ஊரவர்கள் ‘இந்தியன் ஆமி’ என்று அழைத்த அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே ஒக்டோபர் இரண்டாம் வாரத்தில் போர் மூண்டது. இந்தியத் தரப்பு அதற்கு ‘பவன் நடவடிக்கை’ எனப் பெயரிட்டது.

1987 ஒக்டோபர் 11–12 தரையிறக்கம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அண்டிய கொக்குவில் பகுதியில் இருந்த புலிகளின் தலைமையகத்தைத் திடீரெனத் தாக்கி, தலைமையைப் பிடிப்பதே திட்டம். ஒக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, எம்.ஐ.-8 ஹெலிகொப்டர்களில் 10ஆவது பரசூட் கொமாண்டோ அணியைச் சேர்ந்த 103 பேரும் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த 30 பேரும் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கப்பட்டனர். வானொலித் தொடர்புகளை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் தயாராகக் காத்திருந்தனர். கடும் சூட்டில் ஹெலிகொப்டர்கள் சேதமடைந்ததால் எஞ்சிய சீக்கியப் படையினரை இறக்க முடியவில்லை. மேஜர் பீரேந்திர சிங் தலைமையில் மைதானத்தில் நின்ற 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டனர், ஒருவர் சிறைப்பட்டார்.

குடியிருப்புகளுக்குள் நகர்ந்த கொமாண்டோக்கள் வீடுகளில் நிலையெடுத்து மறுநாளும் போரிட்டனர். வீதிகளில் கண்ணிவெடிகள் இருந்தமையால், 65ஆவது கவசப் படைப்பிரிவின் மேஜர் அனில் கௌல் தலைமையில் வந்த டாங்கிகள் ரயில் பாதை வழியே முன்னேறி அவர்களை மீட்டன. கௌல் அந்தச் சண்டையில் படுகாயமடைந்தார். கொமாண்டோ அணியில் ஆறு பேர் இறந்தனர். அதே ஒக்டோபர் 12இல் கொக்குவில் பிரம்படிப் பகுதியில் பொதுமக்கள் பலர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியருமாகச் சுமார் 70 பேர் கொல்லப்பட்டனர்.

சேவை வரலாற்றை ஆக்கும் ஆவணங்கள்

இந்தியப் பரசூட் வீரர் ஒருவரின் வரலாறு பொதுவாக ஐந்து வகைச் சான்றுகளிலிருந்து எழுகிறது. முதலாவது, ஓய்வுபெறும்போது கையில் கொடுக்கப்படும் ‘டிஸ்சார்ஜ் புக்’. சேர்ந்த நாள், படை எண், பதவி, பதக்கங்கள் ஆகியன அதில் இருக்கும். இரண்டாவது, பதவி உயர்வு, விடுப்பு, மருத்துவமனை அனுமதி, இறப்பு போன்ற ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் இரண்டாம் பகுதி ஆணைகள். இவை படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தில் பேணப்படுகின்றன. பரசூட் ரெஜிமெண்டுக்குரிய அலுவலகம் பெங்களூரில் உள்ளது. மூன்றாவது, அணி நாள்தோறும் எழுதும் போர் நாட்குறிப்பு. நான்காவது, ஆக்ராவிலுள்ள பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதித்தபின் வழங்கப்படும் இறக்கைச் சின்னம் தொடர்பான பதிவு. ஐந்தாவது, பதக்கங்கள். இலங்கையில் பணியாற்றியோருக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் ‘ஸ்ரீலங்கா’ பட்டையோடு வழங்கப்பட்டது.

இச்சான்றுகள் முதலில் திருத்துவது குடும்பக் கதைகளில் அடிக்கடி புகும் ஒரு பிழையை. பரசூட் படையில் இருந்தவர் என்றாலே யாழ்ப்பாணத்தில் பரசூட்டில் குதித்தார் என்று பேரப்பிள்ளைகள் நம்பிவிடுகின்றனர். கொக்குவிலில் எவரும் குதிக்கவில்லை. அனைவரும் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்டனர். இறக்கைச் சின்னம் பயிற்சிக்குச் சான்று, களத்துக்குச் சான்று அன்று. களத்தைப் பதக்கப் பட்டையும் நாட்குறிப்புமே காட்டும்.

போர் நாட்குறிப்புகள் நெடுங்காலம் குடும்பங்களுக்கு எட்டாதவையாக இருந்தன. இந்தியப் பாதுகாப்பு அமைச்சு 2021 யூனில் அறிவித்த கொள்கை, 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தையும் 1997ஆம் ஆண்டின் விதிகளையும் பின்பற்றி, பொதுவாக 25 ஆண்டுகளில் இத்தகைய ஆவணங்களின் இரகசியத் தன்மையை நீக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் 1987ஆம் ஆண்டின் தாள்கள் 2012லேயே அந்த எல்லையைக் கடந்துவிட்டன. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். படை எண் தெரிந்தால் தேடல் எளிது. பெயர் மட்டும் போதாது.

தளபதிகளின் நூல்கள் அடுத்த துணை. படைத் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங், 54ஆவது டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், டாங்கிகளை நடத்திய அனில் கௌல் ஆகிய மூவரும் தங்கள் அனுபவத்தை நூலாக எழுதியுள்ளனர். தரையிறக்கத்துக்கான பொறுப்பு யாருடையது என்பதில் நூல்கள் முரண்படுகின்றன. எனவே ஒரு சிப்பாயின் வரலாற்றை எழுதுபவர் ஒரு தளபதியின் கூற்றை மட்டும் நம்பக் கூடாது.

முன்னோடியான தமிழர்

இந்தியப் பரசூட் படையின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் இருக்கிறார். ஆற்காட்டைச் சேர்ந்த மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ், 1941இல் பரசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். 152ஆவது இந்தியப் பரசூட் பட்டாலியனின் மருத்துவ அதிகாரி. அந்த பட்டாலியன் 1944 மார்ச்சில் மணிப்பூரின் சாங்ஷாக்கில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. பின்னர் கொரியப் போரில் அவர் தலைமை தாங்கிய 60ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவின் ஒரு சிறு குழு, 1951 மார்ச் 23இல் அமெரிக்கப் படையோடு முன்சானில் குதித்தது. அவருக்கு மகாவீர் சக்கர விருது கிடைத்தது. அதிகாரி, மருத்துவர், விருது பெற்றவர் என்பதால் அவருடைய வரலாறு முழுமையாக எஞ்சியது. உடன் குதித்த சாதாரண சிப்பாய்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

ஊர் வைத்திருக்கும் சான்று

இராணுவத் தாள்கள் சொல்லாததை வலிகாமம் சொல்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’, ஒக்டோபர் 1987இன் நேரடிச் சாட்சியங்களைத் தொகுத்தது. அவர்களுள் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரம்படியில் இறந்தோரை ஊரவர் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். எந்த ஒழுங்கையில் எந்த நேரத்தில் டாங்கி வந்தது, எந்த வீட்டுக்குள் படையினர் நின்றனர் என்பதை அங்கிருந்தவர்களே சரியாகச் சொல்ல முடியும். படையினரின் நேரக் குறிப்புகளை இவற்றோடு ஒப்பிடும்போதுதான் அந்த இரவின் வரைபடம் முழுமையாகும்.

இங்கும் இடைவெளிகள் உண்டு. போர் தொடங்கிய ஒக்டோபர் 10ஆம் திகதியே ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ நாளிதழ்களின் அச்சகங்களை இந்தியப் படை தகர்த்தது. அதனால் அந்த நாட்களைப் பதிந்திருக்க வேண்டிய உள்ளூர் இதழ்களே இல்லாமற் போயின. புலிகள் தரப்பில் இறந்தோரின் பெயரும் திகதியும் இடமும் பொறிக்கப்பட்ட கல்லறைகளும் அழிக்கப்பட்டன; அவர்களின் கல்லறைகள் இருந்த கோப்பாய்த் ‘துயிலும் இல்ல’ நிலத்தில் பின்னர் இராணுவத் தலைமையகம் எழுந்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் எஞ்சிய இதழ்களையும் மலர்களையும் திரட்டி வருகிறது.

மௌனமும் நினைவிடங்களும்

1990 மார்ச் 24இல் இந்தியப் படை முழுமையாக வெளியேறியது. இலங்கையில் அது சுமார் 1,200 பேரை இழந்திருந்தது. திரும்பிய படையினரைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கும் நிகழ்வில் முதலமைச்சர் மு. கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. தமிழ்நாட்டில் அந்தப் போர் பெருமைக்குரியதாகப் பேசப்படவில்லை. ஈழத்திலோ அது ஆறாத காயம். இரு கரைகளிலும் நிலவிய இந்த மௌனம் குடும்பங்களின் தேடலைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது. இறந்த இந்தியப் படையினருக்குப் பலாலியிலும், ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையிலும் நினைவிடங்கள் உள்ளன. 2019 பெப்ரவரி 25இல் புதுடில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களிலும் அவர்களின் பெயர்கள் உள்ளன. யாழ்ப்பாணத்துக்கான ரயில் 2014 ஒக்டோபரிலும் காங்கேசன்துறைக்கான ரயில் 2015 யனவரியிலும் மீண்டும் ஓடத் தொடங்கின. டாங்கிகள் சென்ற அதே பாதையை இன்று எவரும் ரயிலில் கடந்து பார்க்கலாம்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1973 யூலை 12இல் சென் லூயிஸ் நகரை அடுத்துள்ள ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீ, 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவக் கோப்புகளை எரித்தது. இரண்டாம் உலகப் போரின் பரசூட் வீரர்கள் பலரின் கோப்புகளும் அவற்றில் அடங்கும். குடும்பங்கள் படைக் கம்பனிகளின் அன்றாட ஆள்நிலை அறிக்கைகள், ஊதியப் பட்டியல்கள், முன்னாள் வீரர் சங்கங்களின் உதவி ஆகியவற்றைக் கொண்டு அவ்வரலாறுகளை மீட்டன. பிரித்தானியாவில் பாதுகாப்பு அமைச்சின் பழைய சேவைக் கோப்புகள் 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. தனிநபர் கோப்பு அழிந்தாலும் அணியின் பதிவுகளிலிருந்து ஒருவரின் பாதையைக் கட்டியெழுப்பலாம் என்பதே இவற்றின் பாடம்.

மதிப்பீடு

வலிகாமத்தில் நடந்தவற்றுக்கு இராணுவப் பதிவும் முன்னாள் வீரர்களின் நினைவும் ஊர்மக்களின் சாட்சியமும் என மூன்று சான்றுக் கிளைகள் உண்டு. இவற்றுள் ஒன்றை விட்டு எழுதப்படும் எந்தச் சேவை வரலாறும் அரைகுறையே. மைதானத்தில் இறந்த சிப்பாயின் பிள்ளைக்கும் பிரம்படியில் இறந்தவரின் பிள்ளைக்கும் அந்த இரவு பற்றி அறியும் உரிமை ஒன்றே. 1987இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டிய வயதில் உள்ளனர். அவர்களின் வாக்குமூலங்களை இரு கரைகளிலும் இப்போதே பதிவுசெய்வதும், 25 ஆண்டு எல்லையைக் கடந்துவிட்ட போர் நாட்குறிப்புகளைப் பொதுமக்களுக்குத் திறப்பதும் இனியும் தாமதிக்கக்கூடாத கடமைகள்.