வாசிப்புத் தேர்வும் உதவி நன்கொடையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஏட்டுக்கு மாறி, ஆசிரியரிடமோ சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவனிடமோ பாடத்தை ஒப்பித்தமையால், ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேற இடமிருந்தது. எனினும் மனனம் செய்தவனையும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவனையும் அம்முறை எப்போதும் பிரித்துக் காட்டவில்லை. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரும், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரும் அச்சிட்ட பாடநூலைக் கல்வியின் நடுவே வைத்தனர்.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானதை அடுத்து, பரிசோதகர் முன்னிலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகள் காட்டும் தேர்ச்சிக்கேற்பப் பாடசாலைக்கு அரச நன்கொடை அளிக்கும் முறை, அதாவது பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு, இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1862இல் வகுக்கப்பட்ட விதியை ஒத்த இம்முறை, வாசிப்பில் தடுமாறிய பிள்ளைக்குப் பெரும் அநீதி இழைத்தது என்றே கூற வேண்டும். ஏனெனில், வாயால் கேட்டால் பொருளைத் தெளிவாகச் சொல்லக்கூடியவனாயினும், அச்செழுத்தைத் தடங்கலின்றி வாசிக்க இயலாதவன் பாடசாலையின் வருமானத்தைக் குறைப்பவனாகக் கணிக்கப்பட்டான். இன்று பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் முதலிய சலுகைகளை வழங்கினும், வாசிப்புக் குறைபாடு இனங்காணப்படாத பிள்ளையை அச்சலுகை சென்றடைவதில்லை.