காஞ்சிக் குரல்கள் – 9
‘மாட்டேன்’ என்ற பாடகி

காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றுப் பக்கம் போனால் ஓரிக்கை. தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள். தலபுராணத்தில் இந்த ஊருக்கு ஒரே ஓர் இரவு சொந்தம். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைத் தன்மேல் பாட்டுப் பாடச் சொன்னான் பல்லவ மன்னன். மனிதரைப் பாட மாட்டேன் என்றார் அவர். நாட்டை விட்டே போ என்றான் மன்னன். சீடர் கிளம்ப, கூடவே ஆழ்வாரும் கிளம்ப, ஆழ்வார் சொல்லைத் தட்டாத திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மூவரும் அன்றிரவு தங்கியது ஓரிக்கையில். மன்னன் ஓடிவந்து மன்றாடிய பிறகே காஞ்சிக்குத் திரும்பினார்கள்.

அது புராணம். எதைப் பாடுவது, எதைப் பாடாமல் விடுவது என்பதைத் தானே முடிவு செய்த ஒரு பெண், போன நூற்றாண்டில் இதே காஞ்சியில் பிறந்தார். தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள். ‘டி.கே.பட்டம்மாள்’ என்பதில் முதல் எழுத்து காஞ்சியை அடுத்த தாமல் கிராமம், இரண்டாவது அப்பா.

1919 மார்ச் 19-ல் பிறந்தவருக்கு வைத்த பெயர் அலமேலு. வீட்டில் ‘பட்டா’ என்று கூப்பிட்டது பட்டம்மாள் என நிலைத்துவிட்டது. அவர் முதலில் கேட்ட ‘கூடாது’ அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. அம்மா ராஜம்மாள் நன்றாகப் பாடுவார். ஆனால் உறவுக்காரர் முன்னால்கூட வாய் திறந்து பாட அனுமதி இல்லை. பிராமணக் குடும்பத்துப் பெண் சபையேறுவதை யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. மேடையில் பாடும் பெண்கள் பெரும்பாலும் இசை வேளாளர் குலத்திலிருந்து வந்தார்கள்.

கதவைத் திறந்தவர் ஒரு தலைமை ஆசிரியை. பட்டம்மாள் படித்த காஞ்சிப் பள்ளியின் அம்முக்குட்டி அம்மாள். பள்ளி நாடகத்தில் பட்டம்மாளை சாவித்திரியாக நடிக்க, பாட வைத்தார். விஷயம் வெளியே பரவி, இசைத்தட்டுக் கம்பெனி தேடி வந்தது. தயங்கிய அப்பாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அம்முக்குட்டி அம்மாள்தான். 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. மறுவருடம் குடும்பமே சென்னைக்குப் பெயர்ந்தது.

அடுத்த ‘கூடாது’ பல்லவி. ராகம், தானம், பல்லவி ஆண்களின் கோட்டை என்று வித்வான்கள் நம்பினார்கள். ஒற்றை வரிதான் பல்லவி. அந்த வரியை முதலில் நிதானமாக விரித்துப் பாட வேண்டும். பிறகு கை போடும் தாளம் கொஞ்சமும் மாறாமல், அதே வரியை இரட்டை வேகத்தில், நான்கு மடங்கு வேகத்தில். நடுவில் எடுப்பு, அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடம், அரை இடம் தள்ளிப்போனால் மிருதங்கக்காரருக்குத் தெரிந்துவிடும். முன்வரிசை ரசிகருக்கும் தெரிந்துவிடும். காஞ்சியில் நாயனாப் பிள்ளை (1889–1934) நடத்திய தியாகராஜர் உற்சவங்களில் இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் பட்டம்மாள். கச்சேரிதோறும் பல்லவியை எடுத்தார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயரே வந்தது. தீட்சிதர் கிருதிகளை அம்பி தீட்சிதரிடமும் டி.எல்.வெங்கடராம ஐயரிடமும் பாடம் செய்திருந்தார்.

இதுவரை மற்றவர்கள் போட்ட தடைகள். சினிமா வந்தபோது தடை போட்டவர் அவரே. எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பி.யும் கதாநாயகியாக, கதாநாயகனாக நடித்த காலத்தில் பட்டம்மாள் திரையில் முகம் காட்டவில்லை. பின்னணி மட்டும். அதிலும் பக்திப் பாட்டு, தேசபக்திப் பாட்டு. காதல் பாட்டு வேண்டாம். கே.சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’யில் (1939) தேச சேவைக்கு அழைக்கும் பாட்டைப் பாடினார். மறு ஆண்டே அந்தப் படத்துக்கு வெள்ளைக்கார அரசு தடை போட்டது.

அடுத்து ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’. 1947 ஜனவரியில், பொங்கலை ஒட்டி வெளிவந்தது. பாரதியின் ‘சுதந்திரப் பள்ளு’வுக்குத் திரையில் ஆடியவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குமாரி கமலா, பின்னால் ஒலித்தது பட்டம்மாளின் குரல். சுதந்திரம் வந்தேவிட்டது என்று கொண்டாடும் அந்தப் பாட்டை, வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு ஏழு மாதம் முன்பே கொட்டகைகளில் ஜனங்கள் கேட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது வானொலியிலும் பட்டம்மாள் பாடினார்.

அதே 1947-ல் பம்பாயில் ‘ஜுக்னு’ என்ற இந்திப் படத்துக்குப் பாடியவர் இந்துஸ்தானிப் பாடகி ரோஷன் ஆரா பேகம். கிரானா கரானா என்ற இசைப் பரம்பரையின் அப்துல் கரீம் கானுக்கு உறவும் சீடரும். பிரிவினைக்குப் பின் ரோஷன் ஆரா பாகிஸ்தானில், லாலாமூசா என்ற சிறு ஊரில் குடியேறினார். அங்கேயும் வானொலியில் பாடினார், சில படங்களுக்குப் பாடினார், இசை அரசி என்று கொண்டாடப்பட்டார். ஆனால் இந்துஸ்தானியின் கயால் பாட்டை மணிக்கணக்கில் கேட்டுப் பழகிய பம்பாய், கல்கத்தா ரசிகர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். பட்டம்மாளுக்கு அந்த இழப்பு இல்லை. மைலாப்பூர் சபாக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சினிமாவை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்ததற்கு மன உறுதியோடு இந்த வசதியும் காரணம். மறுப்பதற்கும் நிற்க ஓர் இடம் வேண்டும்.

1970-ல் சங்கீத கலாநிதி, 1971-ல் பத்மபூஷண், 1998-ல் பத்மவிபூஷண். எண்பது வயதில் மறுபடி ஒரு படம்: இளையராஜா இசையில் ‘ஹே ராம்’ (2000). பாடியது காந்திக்குப் பிடித்த நரசிங்க மேத்தாவின் பஜனை. அறுபது வருடத்துக்கு முன் போட்ட நிபந்தனை அப்போதும் மாறவில்லை. 2009 ஜூலை 16-ல், தொண்ணூறு வயதில் காலமானார்.

இதற்கிடையே 1998-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ‘ஜீன்ஸ்’ படத்தின் காதல் பாட்டு ஒன்று பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. பாடியவர் நித்யஸ்ரீ, பட்டம்மாளின் பேத்தி. கொள்ளுப் பாட்டிக்குச் சொந்தக்காரர் முன்னால் பாட வழியில்லை. பாட்டி எதைப் பாடுவதென்று தானே வகுத்துக்கொண்டார். பேத்தி அந்த எல்லைக்குள் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசையில் நடுவில் இருந்தவர்தான் எல்லாவற்றையும் முதல் தடவையாகச் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த வாரம்: பக்கவாத்தியக்காரர்களை மேடை நிறைய உட்காரவைத்துக் கணக்கில் மடக்கிய நாயனாப் பிள்ளை.

(தொடரும்)