ஐதராபாத்தில் பசுமைக் கட்டடம் வேரூன்றிய வரலாறு

பிழைப்பை நாடி ஐதராபாத்திற்கு வந்த தமிழர்களாகிய நம்மில் பலர், மாதாப்பூரிலும் கச்சிபவுலியிலும் எழுந்துள்ள கண்ணாடி மாளிகைகளில் பணிபுரிகின்றோம். அவற்றுள் பல, பசுமைக் கட்டடம் என்னும் சான்றிதழைத் தாங்கி நிற்கின்றன. ஆதாயம் கருதிக் கட்டடம் எழுப்புவோர் இந்நெறியை ஏன் மேற்கொண்டனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இந்திய நாட்டில் இவ்வியக்கத்தின் முதற்சின்னம் இந்நகரிலேயே அமைந்தது. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003ஆம் ஆண்டில் ‘லீட்’ தரமுறையின் உச்சமான பிளாட்டினம் தகுதியைப் பெற்றது. அமெரிக்காவிற்கு வெளியே அத்தகுதியை முதலில் அடைந்த கட்டடம் இதுவே. 2004ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இதனைத் திறந்து வைத்தார். நடுவே முற்றம், துளைகளிட்ட சுவர், கூரைமேல் புல்வெளி, குளிர்காற்றை உள்ளே செலுத்தும் கோபுரம் ஆகியவை இதன் உறுப்புகள். செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்க்கு முற்றத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும், 20,000 சதுர அடி கொண்ட இக்கட்டடத்திற்கு வழக்கமான செலவினும் ஏறக்குறைய 18 விழுக்காடு மிகுதியாயிற்று. அது மீள ஏழாண்டுகள் ஆகுமெனக் கணக்கிட்டனர். மேலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மிகுசெலவைச் செய்பவர் கட்டுவோர். மின்கட்டணம் குறைந்து பயன்பெறுபவரோ குடியிருப்போர். பிறர் பயனுக்காகத் தம் முதலை முடக்க எவ்வணிகர் முன்வருவார்?

இம்முடிச்சை அவிழ்த்தவை மூன்று. முதலாவது, செலவுக் குறைவு. பொருள்கள் உள்நாட்டில் கிடைக்கலாயின; கட்டடக் கலைஞரும் பழக்கம் பெற்றனர். சில ஆண்டுகளில், சென்னையில் எழுந்த கிரண்ட்ஃபோஸ் நிறுவனத்தின் கட்டடத்திற்கு மிகுசெலவு இதனினும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. இரண்டாவது, வாடகைதாரரின் விருப்பம். பன்னாட்டுக் கணினி நிறுவனங்கள் சான்றிதழ் பெற்ற இடத்தையே நாடவே, கட்டுவோர்க்கு அது வாணிபத் தேவையாயிற்று. மூன்றாவது சட்டம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 2007இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான நெறிமுறை வெளியாயிற்று.

இவற்றுள் வலிமை மிக்கது கேட்போரின் குரலே என்பது நம் கருத்து. அலுவலகத்தை வாடகைக்கு எடுப்போர் கேட்டனர், பெற்றனர். வீடு வாங்கும் நாமோ, விலையையும் சதுர அடியையும் கேட்பதோடு அமைகின்றோம். மேற்கு வெயில் எச்சுவரில் படும், கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும், மழைநீர் எங்கே சேரும் என்றும் வினவுதல் வேண்டும். சான்றிதழைக் காட்டினால், முன்னரே குடியேறியவரின் மின்கட்டணத்தையும் பார்த்தல் நன்று. வடிவமைப்பில் கண்ட சிக்கனம் வாழ்க்கையிலும் உண்டா என்பதை அதுவே காட்டும். வாங்குவோர் வினவத் தொடங்கினால், கட்டுவோர் விடைதேடத் தொடங்குவர்.