விழப்போகும் ராக்கெட்... இடத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதது ஏன்?

2022 நவம்பர் 4, காலை. ஸ்பெயின் தனது வான்வெளியின் ஒரு பகுதியை சுமார் 40 நிமிடங்கள் மூடியது. கிட்டத்தட்ட 300 விமானங்கள் பாதிக்கப்பட்டன. காரணம், விண்வெளியில் இருந்து விழவிருந்த சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட் பாகம். அது விழும் முன் கடக்கக்கூடிய பாதை ஸ்பெயினுக்கு மேலேயும் போனது. கடைசியில் அது விழுந்ததோ பசிபிக் பெருங்கடலில்!

சுமார் 30 மீட்டர் நீளம், 20 டன்னுக்கு மேல் எடை. ரேடார்கள் விடாமல் கண்காணித்தும் ஏன் சரியா சொல்ல முடியல?

சிக்கல் வேகத்தில்தான் இருக்கு. மணிக்கு சுமார் 28,000 கி.மீ. ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு ரவுண்டு அடிச்சிடும். கணித்த நேரம் ஒரு நிமிஷம் தப்பினாலே, இடம் 450 கி.மீ.க்கு மேல் மாறிடும். பொதுவாக, மீதமுள்ள நேரத்தில் 20 சதவீதம் வரை முன்னே பின்னே ஆகலாம் என்பது நிபுணர்களின் தோராயக் கணக்கு. அதாவது விழ 10 மணி நேரம் இருக்கும்போது, 2 மணி நேரம் முன்போ பின்போ விழலாம். அதுக்குள்ள அது பூமியையே சுற்றி வந்துடும்.

நேரம் ஏன் தப்புது? பாகத்தைக் கீழே இழுப்பது காற்றின் உராய்வு. 200 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. சூரியனின் சீற்றம் கூடினால் அந்தக் காற்று சூடாகி விரியும், உராய்வும் கூடும். போதாக்குறைக்கு ராக்கெட் பாகம் குட்டிக்கரணம் போட்டபடி வரும். பக்கவாட்டில் திரும்பினால் ஒரு உராய்வு, நேராக வந்தால் வேறு உராய்வு. இதை யார் கணக்கு போடுறது?

எங்கே விழாது என்பதை மட்டும் உறுதியா சொல்லலாம். இதன் சுற்றுப்பாதை, பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 41.5 டிகிரி வரைதான் போகும். அதனால் லண்டனுக்குக் கவலை இல்லை. மாட்ரிட் அந்த எல்லைக்குள் வரும். சென்னையும்தான்.

பல ராக்கெட்டுகளின் முதல் பாகம் ஏவிய சில நிமிடங்களில், ஏற்கெனவே குறித்த கடல் பகுதியில் விழுந்துவிடும். 2022-ல் விழுந்த 5பி-யில் அந்தப் பெரிய பாகமே சுற்றுப்பாதைக்குப் போயிடுச்சு. எஞ்சினை மறுபடி இயக்கி, ஆளில்லாத கடலில் இறக்கும் வசதி அதில் இல்லை. 2021 மே மாதம் இதே ரகம் விழுந்தது மாலத்தீவு அருகே, இந்தியப் பெருங்கடலில்.

சீனா மட்டும்தானா? இல்லை. சந்திரயான்-3ஐ ஏவிய எல்விஎம்3 ராக்கெட்டின் மேல் பாகமும் 2023 நவம்பர் 15 அன்று கட்டுப்பாடின்றித்தான் பூமிக்குள் நுழைந்தது. அளவில் அது மிகச் சிறியது. விழும் இடமாக இஸ்ரோ கணித்தது வடக்கு பசிபிக் கடல்.