விதியல்ல, பிணி

1856ஆம் ஆண்டு ஜேர்மனிய வைத்தியர் மைஸ்னர் ஒரு மரணத்தைப் பதிவுசெய்தார். லைப்சிக் நகரப் பாடசாலையொன்றில் பலர்முன் கண்டிக்கப்பட்ட செவிப்புலனற்ற சிறுமி அவ்விடத்திலேயே வீழ்ந்து மாண்டாள். பெற்றோர் வியப்படையவில்லை, அவளின் உடன்பிறந்தார் இருவரும் முன்னரே திடீரென இறந்திருந்தனர்.

1957இல் நோர்வேயில் யேர்வெல், லாங்கே-நீல்சன் என்போர் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தனர். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குச் செவிப்புலன் இல்லை. அந்நால்வரில் மூவர் திடீர் மரணமடைந்தனர். ஒவ்வொரு துடிப்பின் பின்னும் அவர்களின் இதயம் மீள நெடுநேரம் பிடித்ததை மின்வரைபு காட்டிற்று. காரணம் யாது?

விடையின் வித்து கணவாய் நரம்பில் இருந்தது. சோடியம் உட்புக, பொற்றாசியம் வெளியேற, நரம்பில் மின்துடிப்பு ஓடுகிறதென 1952இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நிறுவினர். 1976இல் நேயரும் சக்மனும் தனியொரு வாயிலின் மின்னோட்டத்தையே அளந்தனர். 1997இல் உண்மை வெளிப்பட்டது: இதயத்துக்கும் உட்செவிக்கும் பொதுவான பொற்றாசிய வாயிலொன்றே இப்பிணியுற்றோரிற் பழுதுபட்டிருந்தது. அதன் இனமான மூளை வாயில்கள் பழுதுற்றாற் பச்சிளங் குழந்தைக்கு வலிப்பு உண்டாகுமென்பது மறு ஆண்டே தெளிவாயிற்று.

ஒரு பாடசாலை மரணத்தின் காரணத்தை அறிய 141 ஆண்டுகள் சென்றன. இன்று இப்பிணியின் ஆபத்தைக் குறைக்க மருந்துண்டு. எனினும் இதயப்பிணியால் மயங்குவோரை வலிப்புக்காரரென ஒதுக்கும் தவறு ஒழிந்தபாடில்லை. அச்சத்தாலோ ஓட்டத்தாலோ மயங்கிவிழும் மாணவனைக் கோழையென்று நாம் ஏசலாகாது; மின்வரைபு எடுக்க அனுப்புவோம். ஏழைப் பிள்ளைக்கும் அது கிட்டும்போதே விஞ்ஞானம் மக்களுடையதாகும்.